வலி எங்கே இருக்கிறது?

கல்லூரியில் மின்சுற்றுகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது அழைப்பு மணியை எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம். வாசலில் உள்ள பொத்தானை ஒருவர் அழுத்துகிறார், சுற்று நிறைவு பெறுகிறது, மின்னோட்டம் பாய்கிறது, வீட்டுக்குள் மணி அடிக்கிறது. வாசலில் யாரும் இல்லாதபோது மணி அடித்தால் என்ன காரணம் என்று கேட்பேன். "வயர் ஷார்ட் ஆகியிருக்கும் சார்" என்று மாணவர்கள் உடனே கூறிவிடுவார்கள். "மணி அடிக்கவே இல்லை, அது உங்கள் பிரமை" என்று இதுவரை ஒரு மாணவன்கூடச் சொன்னதில்லை.

மணிக்குக் காட்டும் இந்த நியாயத்தை நாம் மனிதர்களுக்குக் காட்டுகிறோமா? என் தாயாருக்குப் பல ஆண்டுகளாக இடுப்பு வலி. எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். எதிலும் குறை தெரியவில்லை. "ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் உங்கள் மனசுதான்" என்று கூறி அனுப்பினார் ஒரு மருத்துவர். திரும்பி வரும்போது பேருந்தில் என் தாயார் கேட்ட கேள்வி இது: "அப்போ நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறாரா?"

பௌதிகம் படித்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை. பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அந்த மருத்துவரின் சொற்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 400 ஆண்டு வரலாறு இருப்பதைக் கண்டேன். அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

டெக்கார்ட்டின் மணிக்கயிறு

பிரெஞ்சுத் தத்துவ அறிஞரும் கணித மேதையுமான ரெனே டெக்கார்ட் (1596–1650) மனித உடலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633-இல் கலிலியோ தண்டிக்கப்பட்ட செய்தி வந்தது. நமக்கேன் வம்பு என்று டெக்கார்ட் தம் நூலை வெளியிடாமல் வைத்துவிட்டார். அவர் இறந்த பின்னரே, 1662-இல் இலத்தீன் மொழியிலும் 1664-இல் பிரெஞ்சு மொழியிலும் அது அச்சாயிற்று.

அந்நூலில் புகழ்பெற்ற ஒரு படம் உண்டு. ஒரு சிறுவனின் பாதம் நெருப்பருகே இருக்கிறது. பாதத்திலிருந்து மெல்லிய இழை ஒன்று கால் வழியாகவும் முதுகு வழியாகவும் ஏறி மூளையை அடைகிறது. நெருப்பு பாதத்தைத் தாக்கியதும் இழை சுண்டி இழுக்கப்படுகிறது. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையில் கட்டிய மணி அதே கணத்தில் ஒலிப்பதைப் போன்றது இது என்று டெக்கார்ட் விளக்கினார்.

நான் வகுப்பில் கூறும் அழைப்பு மணியும் இதே மணிதான் என்பதைக் கவனியுங்கள்.

டெக்கார்ட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வலியை ஒரு பொறியியல் நிகழ்ச்சியாக, ஆராயத்தக்க ஒன்றாக, அவர் காட்டினார். பிற்காலத்தில் இழைகள் உண்மை என்றே தெரிய வந்தது. 1850-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்தார். அது வினாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான். ஆகவே "அதே கணத்தில்" என்ற பகுதி மட்டும் தவறு.

இதை நீங்களே உணரலாம். கல்லில் கால் விரலை இடித்துக்கொள்ளும்போது முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. சற்றுப் பொறுத்து 'விண் விண்' என்று இரண்டாவது வலி. இரண்டும் வெவ்வேறு இழைகளில் வருகின்றன. முதல் வகை இழையில் வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் அல்லது அதற்கும் மேல்; இரண்டாம் வகையில் சுமார் 1 மீட்டர். கால் விரலிலிருந்து தண்டுவடத்துக்குத் தூரம் ஏறத்தாழ 1 மீட்டர் என்று கொள்வோம். முதல் செய்தி 1/10 வினாடியில் வந்துவிடும். இரண்டாவது வர ஒரு வினாடி ஆகும்.

இவ்வளவு சிறப்பாக இருந்த கொள்கையில் ஒரு பெரிய ஆபத்தும் ஒளிந்திருந்தது. உடல் ஓர் இயந்திரம், மனம் வேறொரு பொருள் என்று டெக்கார்ட் இரண்டையும் பிரித்து வைத்தார். கயிற்றை எவரும் இழுக்கவில்லை என்றால் மணி அடிக்க நியாயமில்லை. அப்படியும் அடிக்கிறது என்று நோயாளி கூறினால், அது மனத்தின் வேலை. 'உடல் வலி உண்மை, மற்றது கற்பனை' என்ற இந்தப் பிரிவினை மருத்துவத்தில் மூன்று நூற்றாண்டுகள் நிலைத்துவிட்டது.

இல்லாத கால் வலிக்கிறது

கயிற்றுக் கொள்கைக்கு முதல் அடி, கயிறே அறுந்து போனவர்களிடமிருந்து வந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் கை கால்களை இழந்தனர். பிலடெல்பியா நகர மருத்துவமனை ஒன்றில் நரம்புக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்தவர் டாக்டர் சைலாஸ் வியர் மிட்செல். கால் எடுக்கப்பட்ட வீரர்கள், அந்தக் கால் இன்னும் இருப்பதாகவே உணர்ந்தனர். இல்லாத பாதம் அரித்தது. இல்லாத விரல்கள் முறுக்கிக்கொண்டு வலித்தன. உறுப்பை இழந்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் இந்த உணர்வு இருப்பதை மிட்செல் கண்டார். 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே இதைக் குறிப்பிட்டிருந்தார் என்றாலும், 1871-இல் இதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் சூட்டியவர் மிட்செல்தான்.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. 1866-இல் மிட்செல் இதை முதலில் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதாமல், கை கால் நான்கையும் இழந்த ஒரு வீரனின் கதையாகப் பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். அதை உண்மை என்றே நம்பிப் பலர் அந்த வீரனுக்கு உதவ முன்வந்தனர்.

பாதமே இல்லாதபோது பாதத்திலிருந்து கயிற்றை இழுப்பது யார்? வெட்டுண்ட நரம்பின் நுனிதான் தொந்தரவு தருகிறது என்று கருதிய மருத்துவர்கள், நரம்பை இன்னும் சற்று மேலே வெட்டிப் பார்த்தனர். பலருக்கு வலி போவதுபோல் போய், மீண்டும் வந்தது.

போர்க்களத்தில் ஒரு புதிர்

இரண்டாவது அடி, இதற்கு நேர்மாறான திசையிலிருந்து வந்தது. ஆண்டு 1944. இரண்டாம் உலகப் போர். இத்தாலியின் ஆன்சியோ கடற்கரையில் கடும் சண்டை. காயமுற்ற அமெரிக்க வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஹார்வர்டு பல்கலைக்கழக மயக்க மருந்து நிபுணர் ஹென்றி பீச்சரும் ஒருவர். எலும்பு முறிந்தும் வயிறு கிழிந்தும் கிடந்த வீரர்களிடம் "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று அவர் கேட்டார். இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கேட்டு 1946-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறத்தாழ முக்கால் பங்கினர் வேண்டாம் என்றனர்!

அவர்களுக்கு நரம்பு மரத்துப் போயிற்றா என்றால் அதுவும் இல்லை. அதே வீரருக்கு ஊசி போடுபவர் தவறாகக் குத்திவிட்டால் உடனே கத்தினார். போர் முடிந்து ஊர் திரும்பிய பீச்சர், அறுவை சிகிச்சை செய்துகொண்ட சாதாரண மக்களோடு இதை ஒப்பிட்டார். அவர்களில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் வலி மருந்து கேட்டனர் என்று 1956-இல் எழுதினார்.

பீச்சர் தந்த விளக்கம் எளியது. போர்வீரனுக்கு அந்தக் காயம் உயிரோடு ஊர் திரும்பக் கிடைத்த அனுமதிச் சீட்டு. சாதாரண மனிதனுக்கு அறுவை சிகிச்சை என்பது கவலை, செலவு, அச்சம். காயத்தின் அளவை மட்டும் வைத்து வலியின் அளவைக் கூற முடியாது. காயத்தின் பொருள் என்ன என்பதும் வலியில் சேர்கிறது.

காயமே இல்லாமல் வலி வருவதற்கும் சான்று உண்டு. 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்ட செய்தி இது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் கீழே குதித்தபோது 15 சென்டிமீட்டர் நீள ஆணி அவருடைய பூட்ஸைத் துளைத்து மேலே வந்துவிட்டது. ஆணியைச் சிறிது அசைத்தாலும் வலி பொறுக்க முடியவில்லை. சக்தி வாய்ந்த மருந்து கொடுத்துப் பூட்ஸைக் கழற்றினார்கள். ஆணி கால் விரல்களின் இடையே புகுந்து சென்றிருந்தது. தோலில் கீறல்கூட இல்லை!

அவர் நடித்தாரா? இல்லை. கண் பார்த்ததையும் அறிவு அஞ்சியதையும் வைத்து மூளை வலியை உண்டாக்கியது. அந்த வலி முழுக்க உண்மை.

முகமூடி அணிந்த மல்லர்

இந்தப் புதிர்களைக் குவித்து வைத்தால் போதாது. துன்பப்படுபவருக்கு வழி காண வேண்டும் என்று முனைந்தவர் ஜான் பொனிக்கா. இத்தாலியத் தீவு ஒன்றில் 1917-இல் பிறந்து, பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவில் குடியேறியவர். மருத்துவம் படிக்கப் பணம் இல்லாததால் முகமூடி அணிந்து தொழில்முறை மல்யுத்தம் செய்தார். பகலில் மருத்துவ மாணவர், மற்ற நேரத்தில் மல்லர்! மேடைகளில் பட்ட அடிகள் வாழ்நாள் முழுவதும் அவரை வலியால் வாட்டின.

போர்க்காலத்தில் வாஷிங்டன் மாநில இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியபோது, காயம் ஆறிய பின்னும் வலி ஆறாத வீரர்களை அவர் கண்டார். நரம்பு மருத்துவர் ஒன்று சொல்வார். எலும்பு மருத்துவர் மற்றொன்று சொல்வார். மனநல மருத்துவரிடம் எவரும் கேட்பதில்லை. எல்லோரையும் ஒரே மேசையில் அமர்த்தி ஒரே நோயாளியைப் பற்றிப் பேச வைத்தால் என்ன? அவ்வாறே செய்தார். 1953-இல் வலிக்கென்றே ஒரு பெரும் நூலை வெளியிட்டார். 1960-க்குப் பின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்த வலி மருத்துவமனை உலகுக்கே முன்மாதிரியாயிற்று. 1973-இல் அவர் கூட்டிய மாநாட்டிலிருந்து சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் உருவாயிற்று.

தண்டுவடத்தில் ஒரு வாயில்

பொனிக்காவின் வழி சரி என்று அனுபவம் கூறியது. ஏன் சரி என்பதற்கு ஒரு கொள்கை வேண்டுமே! அது 1965-இல் கிடைத்தது.

கனடா நாட்டு உளவியலாளர் ரொனால்டு மெல்ஸாக் இளம் வயதில் ஒரு சோதனையில் பங்கு கொண்டார். குட்டியிலிருந்தே தனியாக அடைத்து வளர்க்கப்பட்ட நாய்கள், எரியும் தீக்குச்சியில் மூக்கை நீட்டிச் சுட்டுக்கொண்டன, மறுபடியும் நீட்டின. நரம்புகளில் குறை இல்லை. ஆனால் வலியை வலியாக அறியும் அனுபவம் அவற்றுக்கு வாய்க்கவில்லை. மெல்ஸாக், பாட்ரிக் வால் என்ற ஆங்கிலேய நரம்பியல் விஞ்ஞானியோடு சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் 1965-இல் வெளியிட்டதே 'வாயில் கட்டுப்பாட்டுக் கொள்கை'.

அதன் சாரம் இது. உடலிலிருந்து வரும் செய்திகள் தண்டுவடத்தில் ஒரு வாயிலைக் கடக்க வேண்டும். மெல்லிய இழைகளில் வரும் காயச் செய்தி வாயிலைத் திறக்க முயல்கிறது. தொடு உணர்வைக் கொண்டுவரும் பருமனான இழைகள் அதை மூட முயல்கின்றன. இவை தவிர, மூளையிலிருந்தும் கட்டளைகள் கீழே இறங்கி வந்து வாயிலை அகலத் திறக்கவோ சாத்தவோ செய்கின்றன. அச்சம், கவலை, கவனம், பழைய அனுபவம் எல்லாம் அந்தக் கட்டளைகளில் அடங்கும்.

குழந்தை கீழே விழுந்ததும் தாய் என்ன செய்கிறாள்? அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிடுகிறாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, சரியாப் போச்சு" என்கிறாள். தேய்ப்பது பருமனான இழைகளைத் தூண்டுகிறது. ஆறுதல் சொல் மேலிருந்து வரும் கட்டளையை மாற்றுகிறது. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்து வந்ததற்கு 1965-இல் விஞ்ஞான விளக்கம் கிடைத்தது எனலாம். அக்கட்டுரையில் வரைந்து காட்டிய நரம்பு இணைப்புகள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. ஆனால் செய்தி வழியிலேயே மாற்றப்படுகிறது, மேலிருந்தும் கட்டளை வருகிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது. டெக்கார்ட்டின் ஒருவழிக் கயிறு இருவழிச் சாலையாயிற்று.

மெல்ஸாக் மேலும் ஒரு நல்ல காரியம் செய்தார். வலியை வர்ணிக்கும் சொற்களைத் திரட்டி, 78 சொற்கள் கொண்ட வினாத்தாளை 1975-இல் வெளியிட்டார். தமிழில் அப்படி ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள்: குத்தல், குடைச்சல், எரிச்சல், கடுப்பு, இழுப்பு, தெறிப்பு, உளைச்சல். கால் உளைச்சலும் மன உளைச்சலும் நமக்கு ஒரே சொல். கால் நோகிறது என்கிறோம். மனம் நோகிறது என்றும் சொல்கிறோம். மருத்துவம் பிரித்து வைத்ததை மொழி பிரிக்கவில்லை!

மூளையில் ஊறும் அபின்

மூளை எவ்வாறு வாயிலைச் சாத்துகிறது? இதற்கு விடை அபினிலிருந்து கிடைத்தது. 1973-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும், அபின் வகைப் பொருள்கள் பூட்டில் சாவி போலப் பொருந்தும் இடங்கள் மூளையில் இருப்பதைக் காட்டினர். கசகசாச் செடியின் பாலுக்கு நம் மூளையில் ஏன் பூட்டு இருக்க வேண்டும்? நம் உடலே ஒரு சாவி செய்துகொள்கிறதோ? ஆம். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றிகளின் மூளையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் மற்றொரு சோதனை நடந்தது. பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி போட்டார்கள். மருந்து என்று நம்பிய சிலருக்கு வலி குறைந்தது. பின்னர் அபினின் செயலைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்தபோது, குறைந்த வலி மீண்டும் கூடிற்று. அப்படியானால் 'நம்பிக்கையால் குறைந்த வலி' என்பதும் ஓர் இரசாயன நிகழ்ச்சியே. இங்கே எது மனம், எது உடல்? கோடு கிழித்துப் பிரிக்க முடியுமா என்று சற்றே சிந்தியுங்கள்.

ஒலிபெருக்கி ஊளையிடுவது ஏன்?

இனி நாட்பட்ட வலிக்கு வருவோம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். காயம் ஆறியும் வலி ஏன் ஆறுவதில்லை?

திருவிழாவில் மைக் செட் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒலிபெருக்கியின் பெருக்கத்தை அதிகமாக வைத்துவிட்டால், எவரும் பேசாதபோதும் 'கீ...' என்று ஊளையிடும். மைக்கில் விழும் சிறு சலசலப்பு பெருகி வெளியே வந்து, மீண்டும் மைக்கில் நுழைந்து, மேலும் பெருகுகிறது. இங்கே குறை பேச்சாளரிடம் இல்லை. பெருக்கியின் குமிழ் திருப்பப்பட்ட நிலையில் இருக்கிறது.

1983-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கிளிஃபர்டு உல்ஃப் எலிகளில் செய்த சோதனை இதைப் போன்ற ஒன்றைக் காட்டியது. காயச் செய்திகள் தொடர்ந்து வந்தால் தண்டுவடத்தின் நரம்பணுக்களே கூர்மை அடைந்துவிடுகின்றன. பிறகு இலேசான தொடுகையும் வலியாக மாறுகிறது. வலிக்குமோ என்ற அச்சம், அசைவைத் தவிர்ப்பது, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை வலியைக் கூட்டுகின்றன. கூடிய வலி அவற்றை மேலும் வளர்க்கிறது. மைக் செட்டின் ஊளை போல இதுவும் ஒரு சுழல்.

ஸ்கேன் படங்கள் இங்கே எவ்வளவு உதவும்? 1994-இல் அமெரிக்காவில், முதுகு வலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்தார்கள். அவர்களில் 64 விழுக்காட்டினருக்கு முதுகெலும்பின் இடைத்தட்டு ஒன்றிலாவது மாறுதல் தெரிந்தது! படத்தில் குறை இருந்தும் வலியில்லை. என் தாயாருக்குப் படத்தில் குறை இல்லை, வலி இருந்தது. படம் உறுப்பைக் காட்டும். பெருக்கியின் குமிழைக் காட்டாது.

உடலும் மனமும் மீண்டும் கைகோத்தபோது

குமிழைத் திருப்ப முடியுமா? இதற்கான முயற்சிகளில் நான்கை மட்டும் காண்போம்.

பொனிக்காவின் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ், வலி வரும்வரை வேலை செய்து, வந்ததும் படுத்துக்கொள்ளும் வழக்கம் வலியையே வளர்க்கிறது என்றார். அவர் முறையை மாற்றினார். இன்று இத்தனை அடி நடை, பிறகு ஓய்வு. நாளை சிறிது கூடுதல். வலிக்கும்போது மாத்திரை என்பதற்குப் பதில் கடிகாரப்படி மாத்திரை. அதுவும் சிறிது சிறிதாகக் குறையும். இம்முறையை 1976-இல் நூலாக வெளியிட்டார்.

1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். இவர் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மருத்துவம் கைவிட்ட நோயாளிகளைப் படுக்க வைத்து, இடது கால் விரலில் தொடங்கி உடலின் ஒவ்வொரு பகுதியிலும் அமைதியாகக் கவனத்தைச் செலுத்தச் சொன்னார். யோகாசனமும் சேர்ந்தது. 1982-இல் வெளியான முடிவின்படி, 51 நோயாளிகளில் 65 விழுக்காட்டினருக்கு, பத்து வாரப் பயிற்சிக்குப் பின் வலி அளவு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்தது. ஒப்பிட வேறொரு குழு அதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது முயற்சி மிட்செலின் மாய உறுப்பைப் பற்றியது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் பேராசிரியரான வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இழந்த கை முறுக்கிக்கொண்டு வலிப்பதாகக் கூறியவர், இருக்கும் கையைக் கண்ணாடி முன் வைத்து அசைத்தார். பிம்பத்தில் இழந்த கையே விரிவதுபோல் தெரிந்தது. சிலருக்கு அந்த முறுக்கு உடனே தளர்ந்தது. பிற்காலச் சோதனைகளில் எல்லோருக்கும் இது ஒரே அளவில் பலிக்கவில்லை. எனினும் பௌதிகத்தில் நாம் 'மாய பிம்பம்' என்று சொல்லிக்கொடுக்கும் ஒன்று மாய உறுப்பின் வலியைத் தணித்தது எண்ணி வியக்கத்தக்கது.

நான்காவது, அண்மைக் காலத்தது. அமெரிக்காவின் கொலராடோவில் நாட்பட்ட முதுகு வலி உள்ள 151 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு, உங்கள் வலி உண்மையானது, ஆனால் அது ஆறிய உடலைப் பற்றி மூளை எழுப்பும் தவறான எச்சரிக்கை என்று விளக்கி, வலியை அஞ்சாமல் கவனித்து அசையப் பழக்கினார்கள். அப்படி 4 வாரம். இரண்டாம் குழுவுக்கு, இது வெறும் உப்பு நீர் என்று சொல்லியே முதுகில் ஊசி. மூன்றாம் குழு வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்தது. வலி அறவே இல்லை அல்லது இல்லாதது போல்தான் என்ற நிலையை எட்டியவர்கள் முதல் குழுவில் 66, இரண்டில் 20, மூன்றில் 10 விழுக்காடு. 2022-இல் வெளியான இந்த முடிவை மற்ற இடங்களிலும் சோதித்துப் பார்க்க வேண்டும். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் மிகக் கடுமையான வலி உள்ளவர்கள் அல்லர். எனினும் திசையை இது தெளிவாகக் காட்டுகிறது.

வரலாறு சறுக்கிய இடம்

இத்தனை அறிந்தும் உலகம் நேர்வழியில் சென்றுவிடவில்லை. 1990-களில் அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள், பலர் கூடிச் செய்யும் சிகிச்சைக்குப் பணம் தரத் தயங்கின. மாத்திரை மலிவாகத் தெரிந்தது. நாட்பட்ட வலிக்கு அபின் வகை மாத்திரைகள் தாராளமாக எழுதிக் கொடுக்கப்பட்டன. பொனிக்காவின் வழியைப் பின்பற்றிய மருத்துவமனைகள் பல மூடப்பட்டன. 1999 முதல் 2021 வரை, மருந்தாகக் கிடைத்ததும் கள்ளச் சந்தையில் விற்றதுமான அபின் வகைப் பொருள்களின் மிகையளவால் அந்நாட்டில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மணிக்கயிற்றை அறுத்துவிட்டால் போதும் என்ற பழைய எண்ணத்துக்கு மனித குலம் கொடுத்த விலை இது.

நல்ல செய்தியும் உண்டு. வலி என்பது உணர்ச்சியும் மனநிலையும் இணைந்த ஓர் அனுபவம் என்று சர்வதேச வலி ஆராய்ச்சிச் சங்கம் 1979-இல் வரையறுத்தது. 2020-இல் அதைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்தது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், நாட்பட்ட வலிக்குத் தனி இடமே தரப்பட்டுள்ளது.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறேன். எல்லா வலியும் தவறான எச்சரிக்கை அல்ல. காய்ச்சலோடு வரும் வலி, காரணமின்றி உடல் மெலிவதோடு வரும் வலி, கால் மரத்துப் போதல், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, நெஞ்சு வலி ஆகியவற்றில் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். முதலில் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க வேண்டும். யாரும் இல்லை என்று உறுதியான பின்னரே கம்பியையும் மணியையும் பற்றிப் பேச வேண்டும்.

என் தாயாரிடம் இவற்றையெல்லாம் கதைபோலச் சொன்னேன். டெக்கார்ட் அவருக்குப் பிடிக்கவில்லை. மல்யுத்தம் செய்த டாக்டரை மிகவும் பிடித்தது. பின்னர் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் ஒருவரின் யோசனைப்படி, தினமும் எங்கள் தெருவில் ஆறு வீடு தாண்டி நடந்து திரும்புவது என்று தொடங்கினார். வலித்தாலும் ஆறு வீடு. வலிக்காவிட்டாலும் ஆறு வீடு. வாரம் ஒரு வீடு கூடிற்று. இன்று தெருமுனைப் பிள்ளையார் கோவில்வரை போய் வருகிறார். வலி முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் வலி வந்தால் முன்போல் அஞ்சிப் படுத்துவிடுவதில்லை, இரவில் தூங்குகிறார்.

அன்று பேருந்தில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் உண்டு. "நீங்கள் பொய் சொல்லவில்லை அம்மா. மணி உண்மையிலேயே அடிக்கிறது." உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லுமுன் இந்த வரலாற்றைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.